ஹாம் செயற்கைக்கோள் தொடர்பு: எஃப்எம்மா, லீனியரா, கியூஓ-100ஆ?

ஹாம் (அமெச்சூர்) ரேடியோவில் செயற்கைக்கோள் வழியாகப் பேச எதை வாங்குவது என்று தேடினால் கிடைக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எழுதப்பட்டவை. 40, 50 பாகை வடக்கில் நின்று வானத்தைப் பார்த்தவர்களின் கணக்கு அது. 6 முதல் 13 பாகைக்குள் இருக்கும் இலங்கைக்கும் தமிழ்நாட்டுக்கும் அந்தக் கணக்கு இரண்டு இடங்களில் மாறுகிறது. அவர்களால் கேட்கவே முடியாத ஒரு செயற்கைக்கோள் நமக்குத் தெற்கே ஒரு நாளில் ஏறத்தாழ 14 முறை போகிறது. ஐரோப்பியர்கள் வீட்டுக்குத் தெற்கே நிற்கும் இன்னொன்று நமக்கு மேற்கே, கணிசமாகச் சாய்ந்து நிற்கிறது. ஆகவே எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில் பணத்துக்குப் பாதிப் பங்குதான். உங்கள் மொட்டை மாடியிலிருந்து தெற்கும் மேற்கும் எவ்வளவு திறந்திருக்கின்றன என்பதுதான் மீதி.

வழிகள் மூன்று. தாழ்வட்டத்தில் ஓடும் எஃப்எம் ரிப்பீட்டர்கள் (நம் குரலை வாங்கித் திருப்பி அனுப்புபவை), அதே உயரத்திலோ சற்று மேலேயோ ஓடும் லீனியர் டிரான்ஸ்பாண்டர்கள், 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் கியூஓ-100.

எஃப்எம்: கையில் பிடித்துக்கொண்டு

குறைந்த செலவில் தொடங்க இதுதான் வழி. இரண்டு பட்டை ஹேண்டி (கையடக்க ரேடியோ) ஒன்று, 2 மீட்டர் பட்டையில் (145 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) மூன்று எலிமென்ட்டும் 70 சென்டிமீட்டர் பட்டையில் (435 மெகாஹெர்ட்ஸ் பக்கம்) ஆறேழு எலிமென்ட்டும் கொண்ட, ஒரு திசை நோக்கும் கையடக்க யாகி ஆன்டெனா ஒன்று. யாகியை அலுமினியக் கம்பியிலும் பிவிசி குழாயிலும் வீட்டிலேயே செய்யலாம். ஹேண்டியோடு வரும் ரப்பர் ஆன்டெனாவில் விண்வெளி நிலையத்தைச் சில நொடிகள் கேட்கலாம். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

மேலே இருப்பவற்றில் மூன்று நமக்குப் பயன்படும். முதலாவது 2002 டிசம்பரில் ஏவப்பட்ட எஸ்ஓ-50. மேலே அனுப்ப 145.850, கேட்க 436.795 மெகாஹெர்ட்ஸ். குரலோடு, ரிப்பீட்டரைத் திறக்கும் 67 ஹெர்ட்ஸ் டோன் போக வேண்டும். அதில் 10 நிமிட டைமர் இருக்கிறது. அது அணைந்திருந்தால் 74.4 ஹெர்ட்ஸ் டோனோடு இரண்டு நொடி அனுப்பி எழுப்ப வேண்டும். இந்த இரண்டாவது டோனைத் தனி மெமரியில் போட்டு வைக்காதவர்கள், செயற்கைக்கோள் செத்துவிட்டதாக முடிவுகட்டி ரேடியோவை மூடிவிடுகிறார்கள். அதன் டிரான்ஸ்மிட்டர் வெறும் கால் வாட், ஆகவே கேட்கும் பக்கம் நல்ல ஆன்டெனா கட்டாயம்.

இரண்டாவது பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் உள்ள ரிப்பீட்டர். 145.990இல் 67 ஹெர்ட்ஸ் டோனோடு அனுப்பி 437.800இல் கேட்பது. மூன்றிலும் பலமாகக் கேட்பது இதுதான். விண்நடை, விண்கலம் இணைதல், படம் அனுப்பும் நிகழ்ச்சி என்றால் அணைத்துவிடுவார்கள்.

மூன்றாவதுதான் வெளிநாட்டு வழிகாட்டிகளில் ஒரு வரியோடு முடிந்துவிடுவது: இந்தோனேசியாவின் ஐஓ-86. 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி30இல், ஆஸ்ட்ரோசாட்டின் கூடவே போனது. 650 கிலோமீட்டர் உயரம், நிலநடுக்கோட்டுக்கு வெறும் 6 பாகைச் சாய்வு. எஸ்ஓ-50உம் விண்வெளி நிலையமும் ஒரு நாளில் நமக்கு நாலைந்து முறைதான் தலைகாட்டும். இது ஏறத்தாழ 105 நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு சுற்றிலும், மேற்கில் எழுந்து தெற்கு வானம் வழியாகக் கிழக்கில் இறங்கும். சென்னையில் அதிகபட்சம் 35 பாகை உயரம்தான் வரும், சில சுற்றுகளில் 7 பாகையோடு சரி. யாழ்ப்பாணத்தில் 55 வரை, கன்னியாகுமரியில் 68 வரை ஏறும். அனுப்ப 145.880, டோன் 88.5, கேட்க 435.880. ஒரே குறை, ரிப்பீட்டர் எந்நேரமும் ஓடுவதில்லை. இயக்குபவர்கள் அறிவிக்கும் நேரத்தில்தான் வரும். ஆம்சாட் (ஹாம் செயற்கைக்கோள் அமைப்பு) இணையதளத்தின் நிலைப் பக்கத்தில் அன்றைக்கு யாராவது கேட்டதாகப் பதிந்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு மாடி ஏறுங்கள்.

டாப்ளருக்கு (செயற்கைக்கோளின் வேகத்தால் அலைவரிசை விலகுவதற்கு) மெமரி போடுவது எளிது. 2 மீட்டரில் விலகல் மூன்றரை கிலோஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடுவதால் அனுப்பும் அலைவரிசையைத் தொட வேண்டாம். 70 சென்டிமீட்டரில் 10 கிலோஹெர்ட்ஸ் வரை விலகும். எஸ்ஓ-50க்கு 436.805, 436.800, 436.795, 436.790, 436.785 என்று ஐந்து மெமரி. எழும்போது முதலாவது, உச்சியில் நடுவிலுள்ளது, இறங்கும்போது கடைசி. ஐந்திலும் அனுப்பும் அலைவரிசையும் டோனும் ஒன்றே.

கோளாறுகள் பெரும்பாலும் நாலைந்து இடங்களில்தான். இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச்சை முழுதாகத் திறக்காமல் விடுவது முதலாவது, பலவீனமான குரலை அது விழுங்கிவிடும். ஆன்டெனாவை ஒரே கோணத்தில் பிடித்திருப்பது இரண்டாவது. செயற்கைக்கோள் உருளும்போது துருவமுனைப்பும் (அலை அதிரும் தளமும்) சுழலும், சத்தம் மங்கினால் மணிக்கட்டைத் திருப்ப வேண்டும். செயற்கைக்கோள் வரும் நேரத்தைக் காட்டும் செயலியில் நேரம் உலக நேரமாக இருந்து நீங்கள் இந்திய நேரமாக வாசித்தால் ஐந்தரை மணி நேரம் தவறும். சுற்றுப்பாதைத் தரவை மாதக்கணக்கில் புதுப்பிக்காவிட்டால், உயரம் மாற்றிக்கொண்டே இருக்கும் விண்வெளி நிலையம் நிமிடக்கணக்கில் தள்ளி வரும்.

மலிவு ஹேண்டியில் அனுப்பும்போதே கேட்க முடியாது. உங்கள் குரல் திரும்பி வருகிறதா என்று தெரியாமல் அழைத்துக்கொண்டே இருப்பது மற்றவர்களுக்குத் தொல்லை. கேட்பதற்கு இரண்டாவது ஹேண்டி ஒன்று சேர்த்தால் இது தீரும், ஆனால் வேறொன்று முளைக்கும். 145.990இன் மூன்றாம் ஹார்மோனிக் (மும்மடங்கு அலைவரிசை) 437.970. நீங்கள் கேட்பது 437.800. அனுப்பும் பொத்தானை (பிடிடி) அழுத்தியதும் கேட்கும் ரேடியோ செவிடாகிவிடும். அனுப்பும் கேபிளில் லோ-பாஸ் ஃபில்டர், கேட்கும் பக்கம் ஹை-பாஸ் ஃபில்டர், அல்லது நல்ல டைப்ளெக்ஸர் போட்டால் அடங்கும்.

இவ்வளவும் செய்தபின் கிடைப்பது என்ன? ஒரு சேனல், ஒரு நேரத்தில் ஒரு குரல். அழைப்புக்குறி, இருப்பிடத்தைக் குறிக்கும் கிரிட் எண் (சென்னை என்கே03, மதுரை எம்ஜே99), நன்றி. பதினைந்து நொடியில் முடிய வேண்டும், அடுத்தவர் காத்திருக்கிறார். பேச்சு என்று இதைச் சொல்ல மாட்டேன். கிரிட் சேர்ப்பவர்களுக்கும் பயணம் செய்பவர்களுக்கும் பள்ளியில் செய்து காட்டுபவர்களுக்கும் இதைவிட நல்லது கிடையாது.

லீனியர்: பேச நேரம் உண்டு, பணமும் வேண்டும்

எஃப்எம் ரிப்பீட்டர் ஒரு சேனலைத் திருப்பி அனுப்பும். லீனியர் டிரான்ஸ்பாண்டர் ஓர் அகலப் பட்டையையே அப்படியே வேறு பட்டைக்கு மாற்றித் தரும். எஸ்எஸ்பியிலும் (ஒற்றைப் பக்கப்பட்டைக் குரல்) மோர்ஸிலும் பலர் ஒரே நேரத்தில் பேசலாம். இந்தியாவுக்கு இதில் சொந்தக் கதை உண்டு: 2005 மே 5 அன்று பிஎஸ்எல்வி-சி6இல் கார்ட்டோசாட்-1உடன் ஏறிய ஹாம்சாட், விஓ-52 என்ற பெயரில் 2014 வரை உழைத்தது. இன்று அந்த இடத்தை நிரப்புவது ரஷ்யாவின் ஆர்எஸ்-44.

அது 2019 டிசம்பர் 26 அன்று ஏவப்பட்டது. 1,200 முதல் 1,500 கிலோமீட்டர் உயரத்தில் ஓடுவதால் ஒரு நல்ல சுற்று இருபது நிமிடம் நீடிக்கும். விண்வெளி நிலையம் தருவதில் இரண்டு மடங்கு. உச்ச உயரத்தில் அது பார்க்கும் வட்டத்தின் ஆரம் 4,000 கிலோமீட்டர் என்பதால் சென்னையிலிருந்து டோக்கியோவும் பெர்த்தும் எட்டும். அனுப்ப 145.935 முதல் 145.995 வரை எல்எஸ்பி (கீழ்ப் பக்கப்பட்டை), கேட்க 435.610 முதல் 435.670 வரை யூஎஸ்பி (மேல் பக்கப்பட்டை). பட்டை தலைகீழாகத் திரும்புவதால் இரண்டு அலைவரிசைகளையும் கூட்டினால் எப்போதும் 581.605 வரும். 145.965இல் அனுப்பினால் 435.640க்கு அருகே, டாப்ளர் தள்ளியிருக்கும் தூரத்தில், உங்கள் குரல். 435.605இல் பீக்கன் (செயற்கைக்கோளின் அடையாளச் சமிக்ஞை) இருக்கிறது. அதைவிடப் பலமாக உங்கள் குரல் திரும்பி வந்தால் வாட்டைக் குறைக்க வேண்டும். சின்ன யாகியில் 5 முதல் 10 வாட் போதும். 50 வாட் போடுபவர் டிரான்ஸ்பாண்டரின் மின்சாரத்தை மற்றவர்களிடமிருந்து பிடுங்கிக்கொள்கிறார்.

செலவு ரேடியோவில்தான். அனுப்பிக்கொண்டே கேட்கும் ஆல்-மோட் ரேடியோ புதிதாக என்றால் ஐகாம் 9700தான். விலை லட்சத்தைத் தாண்டும். பழைய ஐகாம் 910, யேசு 847, கென்வுட் டிஎஸ்-2000 கைமாறி வரும்போது பிடிக்கலாம். என் பரிந்துரை இவை எதுவும் இல்லை. அனுப்ப ஒரு பழைய யேசு 817 அல்லது 818, கேட்க கணினியில் செருகும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் ரிசீவர். வாட்டர்ஃபாலில் (திரையில் ஓடும் அலைவரிசைப் படத்தில்) முழுப் பட்டையும் கண்ணுக்குத் தெரிவதால், உங்கள் குரல் எங்கே விழுகிறது என்று தடவித் தேட வேண்டியதில்லை. டாப்ளரை ஜிபிரெடிக்ட் போன்ற மென்பொருளிடம் விட்டுவிடுவது நல்லது. கையால் திருத்துவதானால் இரண்டில் உயர்ந்த அலைவரிசையைத்தான் திருத்த வேண்டும். ஆர்எஸ்-44இல் அது கேட்கும் பக்கம்.

கேபிளில் கஞ்சத்தனம் கூடாது. 435 மெகாஹெர்ட்ஸில் ஆர்ஜி-58 இருபது மீட்டருக்கு ஏறத்தாழ 7 டெசிபெல் தின்னும். கேட்கும் பக்கம் மட்டுமானால் டிவிக்குப் போடும் ஆர்ஜி-6 அதைவிட மேல். 75 ஓம் என்ற கவலை கேட்பதற்குத் தேவையில்லை. ஆன்டெனா அடியிலேயே ஒரு ப்ரீஆம்ப் வைத்தால் இன்னும் நல்லது.

ஜப்பானின் எஃப்ஓ-29 1996இல் ஏவப்பட்டது. வயதால் சில நேரம்தான் வேலை செய்யும். ஏஓ-7 அதைவிட அதிசயம். 1974 நவம்பர் 15இல் ஏவி, 1981இல் பேட்டரி போய் அடங்கி, 2002இல் தானாக உயிர்த்தது. இன்றும் வெயில் படும்போது மட்டும் இயங்குகிறது. ஆனால் அதன் பி முறைக்கு 432.125 முதல் 432.175 வரை அனுப்ப வேண்டும். இந்திய உரிமத்தில் 70 சென்டிமீட்டர் பட்டை 434 முதல் 438 வரைதான். ஆகவே நமக்கு 145.850–145.950இல் அனுப்பி 29.400–29.500இல் கேட்கும் ஏ முறை மட்டுமே. அது எந்த முறையில் இருக்கும் என்பது அதன் கையில்.

கியூஓ-100: மேற்கு வானம் திறந்திருந்தால்

கத்தாரின் எஸ்ஹைல்-2 செயற்கைக்கோள் 2018 நவம்பர் 15 அன்று, ஏஓ-7இன் அதே பிறந்தநாளில், ஏவப்பட்டது. அதிலிருக்கும் ஹாம் டிரான்ஸ்பாண்டர் 2019 பிப்ரவரியில் திறந்தது. நிற்கும் இடம் ஏறத்தாழ கிழக்கு 25.9 பாகை. பிரேசில் முதல் தாய்லாந்து வரை அதன் பார்வையில் அடங்கும். ஐரோப்பா முழுக்க, ஆப்பிரிக்கா முழுக்க, அண்டார்டிகாவின் ஜெர்மன் தளம் கூட. ஜப்பானும் வட அமெரிக்காவும் கிடையாது. டாப்ளர் இல்லை, அட்டவணை இல்லை, ஓடிப் பிடிக்க வேண்டியதில்லை. இரவு பதினொரு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசலாம். வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்த ஒன்றே மற்ற இரண்டையும் தோற்கடிக்கும்.

முதலில் வானத்தைப் பாருங்கள். சென்னையிலிருந்து அது மேற்கே 261 பாகைத் திசையில், 27 பாகை உயரத்தில். மதுரையில் 262, 30. கோவையில் 261, 31. யாழ்ப்பாணத்தில் 263, 28. 27 பாகை என்றால் எளிய கணக்கு: எதிரே நிற்பது டிஷ்ஷைவிட எவ்வளவு உயரமோ அதைப் போல இரு மடங்கு தூரத்தில் இருக்க வேண்டும். பத்து மீட்டர் உயர்ந்த தென்னை இருபது மீட்டருக்குள் இருந்தால் மறைத்துவிடும். திசைகாட்டியை நம்பாதவர்களுக்கு இன்னொரு வழி. மார்ச் நடுவில் மாலை 4.25 வாக்கிலும் செப்டம்பர் இறுதியில் 4.05 வாக்கிலும் சென்னைக்குச் சூரியன் சரியாக அந்தச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வரும். அந்த நேரத்தில் டிஷ் வைக்கப்போகும் இடத்தில் நிழல் விழுந்தால் அங்கே வைப்பதில் பயனில்லை.

கேட்பதற்குத் தேவையானவை: 60 அல்லது 90 சென்டிமீட்டர் டிடிஎச் டிஷ், பிஎல்எல் வகை எல்என்பி (டிஷ் முனையில் மாட்டும் ரிசீவர் தலை), ஆர்டிஎல்-எஸ்டிஆர், இடையில் எல்என்பிக்கு கேபிள் வழியே மின்சாரம் தரும் பயஸ்-டீ. 9.75/10.6 என்று அச்சிட்ட யூனிவர்சல் எல்என்பியாக இருக்கட்டும். 22 கிலோஹெர்ட்ஸ் டோன் கொடுக்காவிட்டால் அது 9750இல் நிற்கும். குறுகிய பட்டை 10489.500 முதல் 10490.000 வரை என்பதால், அந்த 9750ஐக் கழித்து, கணினியில் 739.500 முதல் 740.000 வரை தெரியும். பிஎல்எல் இல்லாத பழைய எல்என்பி வேண்டாம், வெயில் ஏற ஏற அது நூற்றுக்கணக்கான கிலோஹெர்ட்ஸ் நகரும். பிஎல்எல்லும் கொஞ்சம் நகரும்தான், அதை எஸ்டிஆர் கன்சோல் மென்பொருள் நடு பீக்கனைப் பிடித்துக்கொண்டு திருத்திவிடும். ஆர்டிஎல்-எஸ்டிஆரின் உள்ளிருந்து வரும் 4.5 வோல்ட் எல்என்பிக்குப் போதாது. வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கும்போது அது எஸ்டிஆர் பக்கம் பாயாதபடி டிசி தடுப்பு இருக்க வேண்டும், இல்லையென்றால் எஸ்டிஆர் கருகும்.

டிஷ்ஷைக் கட்டும்போது இரண்டு விஷயம் குழப்பும். டிடிஎச் டிஷ் ஆஃப்செட் வகை. அது பார்க்கும் திசை முகத்தைவிட இருபது, இருபத்தைந்து பாகை மேலே. 27 பாகைக்கு வைக்கும்போது டிஷ் ஏறத்தாழ சுவர்போல் நேராக நிற்கும். பார்க்கத் தவறாகத் தோன்றும், அதுதான் சரி. தமிழ் சேனல்களுக்காக ஏற்கெனவே வைத்திருக்கும் டிஷ் கிட்டத்தட்ட உச்சியைப் பார்ப்பதால் அதில் இன்னொரு எல்என்பி ஒட்டி ஒப்பேற்ற முடியாது. தனி டிஷ் வேண்டும்.

இரண்டாவது துருவமுனைப்பு. குறுகிய பட்டை செங்குத்து என்று எல்லா வழிகாட்டிகளும் எழுதும், 12 வோல்ட் கொடு என்று சொல்லும். அது செயற்கைக்கோளின் கணக்கில் செங்குத்து. இவ்வளவு மேற்கே தள்ளி நிற்பதைச் சென்னையிலிருந்து பார்க்கும்போது அந்தச் செங்குத்து 74 பாகை சாய்ந்து, ஏறத்தாழ படுத்துவிடுகிறது. எல்என்பியை நேராக மாட்டி 12 வோல்ட் கொடுத்தால் 11 டெசிபெல் போய்விடும். டிஷ்ஷுக்குப் பின்னால் நின்று செயற்கைக்கோளைப் பார்த்தபடி எல்என்பியைக் கடிகாரத் திசையில் 74 பாகை திருப்ப வேண்டும். அவ்வளவு திருப்ப இடமில்லையென்றால் நேராகவே விட்டுவிட்டு 18 வோல்ட் கொடுங்கள். மீதிப் பிசகு 16 பாகைதான், இழப்பு அரை டெசிபெல்லுக்கும் கீழ். மதுரையில் அந்தப் பிசகு இன்னும் குறைவு. பீக்கன் மெலிதாகக் கேட்கிறது, டிஷ் சின்னதோ என்று பெரிதாக வாங்குபவர்கள் முதலில் இந்த வோல்ட்டைச் சரிபார்க்கட்டும்.

டிஷ்ஷைத் திசைப்படுத்த, 10491.5இல் இருக்கும் அகலப் பட்டை பீக்கன் உதவும். வாட்டர்ஃபாலில் ஒன்றரை மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு மேடாகத் தெரியும், தவறவிட முடியாது. அது எதிர்த் துருவமுனைப்பில் வருவது, ஆகவே தேடும்போது வோல்ட்டை மாற்றிக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் 10 கிகாஹெர்ட்ஸ் மங்கும். 60 சென்டிமீட்டர் டிஷ்ஷில் அடைமழை நேரத்தில் பலவீனமான நிலையங்கள் மறையும், மழை விட்டால் திரும்பும். 90 எடுக்க ஒரே நியாயமான காரணம் அதுதான்.

அனுப்புவது வேறு சமாச்சாரம். அப்லிங்க் (மேலே அனுப்பும் அலைவரிசை) 2400.000 முதல் 2400.500 வரை, வலச்சுழல் துருவமுனைப்பு. டிஷ்ஷில் பட்டுத் திரும்பும்போது சுழல் மாறுவதால் ஃபீடு இடச்சுழலாக இருக்க வேண்டும். ஹெலிக்ஸைத் தவறான பக்கம் சுற்றியவர்கள் எத்தனை வாட் போட்டாலும் கேட்காது. எல்என்பியையும் பேட்ச் ஆன்டெனாவையும் ஒரே செப்புக் குழாயில் இணைக்கும், ‘போட்டி’ (POTY) என்ற பெயருள்ள ஃபீடு இந்தத் தலைவலியைத் தவிர்க்கும். குரலுக்குச் சில வாட் போதும். சமிக்ஞை உண்டாக்க இரண்டு வழி: அடால்ம் புளூட்டோ எஸ்டிஆரும் பவர் ஆம்ப்ளிஃபயரும், அல்லது 70 சென்டிமீட்டரை 2400க்கு மாற்றும் டிரான்ஸ்வெர்ட்டர். புளூட்டோவின் சொந்தப் படிகம் 25 பிபிஎம் (பத்து லட்சத்தில் 25 பங்கு) வரை பிசகலாம். 2400இல் அது 60 கிலோஹெர்ட்ஸ். அரை பிபிஎம் டிசிஎக்ஸ்ஓ (வெப்பத்துக்கு ஈடுகொடுக்கும் படிகம்) அல்லது ஜிபிஎஸ் ஆதாரம் போட்டால் சரியாகும். ஆம்ப்ளிஃபயரை டிஷ் அடியிலேயே வையுங்கள். இந்த அலைவரிசையில் நல்ல கேபிளும் பத்து மீட்டருக்கு 2 டெசிபெல் தின்னும். அனுப்பும்போது டிஷ் முன்னால் யாரும் நிற்கக் கூடாது.

எஃப்எம் போடக் கூடாது, 2.7 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அகலம் கூடாது, பீக்கனைவிடப் பலமாக வரக் கூடாது. வந்தால் லைலா என்ற கருவி உங்கள் அலைவரிசையிலேயே சைரன் ஊதும், எல்லோருக்கும் கேட்கும். சொந்தக் குரல் கால் நொடி தாமதமாகத் திரும்பி வந்து நாக்கைக் குழற வைக்கும். ஹெட்ஃபோனில் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு வாட்டர்ஃபாலைப் பார்த்துப் பேசப் பழக வேண்டும்.

இத்தனை வாங்குமுன் உங்கள் உரிமத்தில் எழுதியுள்ள பட்டைகளை எடுத்துப் படியுங்கள். 2400 மெகாஹெர்ட்ஸ் அதில் இல்லையென்றால் அனுப்பக் கூடாது, எழுத்துப்பூர்வ அனுமதியை, இந்தியாவில் ரேடியோ உரிமம் தரும் டபிள்யூபிசியிடம்தான் கேட்க வேண்டும். வைஃபைக்கு உரிமம் வேண்டாமே என்ற வாதம் எடுபடாது. அந்த விலக்கு 4 வாட் இஐஆர்பி (ஆன்டெனா குவிப்பதையும் சேர்த்துக் கணக்கிட்ட வாட்) வரைதான். 60 சென்டிமீட்டர் டிஷ்ஷில் 5 வாட் என்பது 600 வாட் இஐஆர்பி.

யாருக்கு எது

தெற்கே திறந்த மாடி, குறைந்த பணம், கன்னியாகுமரியோ யாழ்ப்பாணமோ என்றால் யாகியும் இரண்டு ஹேண்டியும் வாங்கி ஐஓ-86இலிருந்து தொடங்குங்கள். சென்னையின் அடுக்குமாடியில் மேற்குப் பக்க பால்கனி மட்டும் இருக்கிறது என்றால் எஃப்எம்மை மறந்துவிட்டு டிஷ்ஷை மாட்டுங்கள். பால்கனிக் கம்பியில் 60 சென்டிமீட்டர் அடங்கும். எல்லாப் பக்கமும் திறந்த கிராமத்து வீடு, கிழக்கு ஆசியாவோடு பேச ஆசை, ரேடியோவுக்குச் செலவழிக்க மனம் என்றால் ஆர்எஸ்-44. அதை நம்பி மட்டும் லட்ச ரூபாய் ரேடியோ வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. நன்றாக ஓடும் லீனியர் செயற்கைக்கோள்கள் இன்று விரல்விட்டு எண்ணக்கூடியவை, அவற்றில் ஒன்று நின்றாலும் அந்த முதலீட்டின் பயன் பாதியாகும்.

எதை எடுப்பது என்று முடிவாகவில்லையென்றால் ஆர்டிஎல்-எஸ்டிஆரை முதலில் வாங்குங்கள். மூன்று வழியிலும் கேட்கும் பக்கத்துக்கு அதே பெட்டி உதவும். ஒரு மாதம் கேட்ட பிறகு அனுப்பும் பக்கத்துக்குப் பணம் எடுக்கலாம். பயஸ்-டீயை மட்டும் கியூஓ-100 என்று உறுதியான பின் வாங்குங்கள், அதுவும் 18 வோல்ட் தாங்கும் என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து.